புது உப்பும் புது நாவலும்

என் மகள் எழுதிய நாவலை, அதில் ஒரு வரிகூடப் படிக்காமல், இருநூறு வீட்டுக்கு மேல் விற்றவள் நான். விற்றது மட்டுமா? "கதை எப்படிங்க இருக்குது?" என்று கேட்டவர்களிடம், "படிச்சிட்டு மூணு நாளு எனக்குச் சோறே எறங்கலைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். (அந்த மூன்று நாளும் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. எறங்காமல் எங்கே போகும்?)

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். பஸ் போர்டு படிப்பேன். முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருக்கும், அது வேறு விஷயம். இதை எழுதி முடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆகியிருக்கிறது. ஆகட்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் எனக்கு என்ன வேலை?

மகள் பெயர் வனிதா. மரக்காணத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பட்டா, முதியோர் பென்ஷன், வேலித் தகராறு என்று வருகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பாள். ஊரார் கஷ்டத்தை எல்லாம் எழுதி எழுதிக் கை ஓடிப் பழகிவிட்டது. ஒரு மனு மட்டும் எங்கேயும் நிற்காமல் இருநூறு பக்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு 'ஆறாவது பாத்தி' என்று பெயர் வைத்து நாவல் என்றாள். பதிப்பகத்துக்காரர்கள் யாரும் பதில் போடவில்லை. அவளே முன்னூறு புத்தகம் அச்சடித்து வாங்கி வந்தாள்.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு நான் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். கால் கிலோ இருக்கும். ஐம்பது வருஷமாக நான் தலையில் சுமந்த உப்பைக் குவித்தால் இந்த ஊரையே மூடிவிடலாம். அதில் ஒரு கல்லிலும் என் பெயர் கிடையாது. இந்தக் கால் கிலோவில், அட்டை மேலேயே என் மகள் பெயர் இருந்தது. வ, னி, தா. மூன்று எழுத்தையும் தடவிப் பார்த்தேன். அதற்கு மேல் படிக்கத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போனவள் கோபுரத்தைப் பார்த்தே திரும்பிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"என்னா கதைடி?" என்று கேட்டேன்.

"உப்பளத்துல வேல செய்ற ஒரு பொம்பள கதைம்மா. அஞ்சலைன்னு பேரு. நீ படிக்க வேணாம், கண்ணு வலிக்கும்."

என் கண் மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன்.

முதலில் விளம்பரத்தைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப் குரூப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த விரலால் ஒருவரும் பக்கத்தைத் திருப்பவில்லை. என் மருமகன் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அட்டைப் படத்தைப் பெரிதாக அடித்து ஆட்டோவின் பின்பக்கம் ஒட்டினார். அட்டையில் ஒரு பெண் தலையில் கூடையோடு நிற்பாள். அதைப் பார்த்து நான்கு பேர் ஆட்டோவை நிறுத்தினார்கள். நான்கு பேரும் மீன் இருக்கிறதா என்று கேட்டார்கள். போதாததற்கு, விற்றதாகக் கணக்குக் காட்ட சேகரே நான்கு புத்தகம் வாங்கி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். (இந்த நான்கு புத்தகத்தை நினைவில் வையுங்கள். என் மானம் போனது இவற்றால்தான்.)

ஒரு மாதம் கழித்து வனிதா கட்டிலுக்கு அடியில் பெட்டிகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"போதும்மா. இதான் மொதலும் கடைசியும். இனிமே மனு மட்டும் எழுதறேன். அதையாச்சும் எவனோ ஒருத்தன் படிக்கிறான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி அவள் எழுதுகிற நோட்டில் சேகர் பெட்ரோல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவளே பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மகள் எழுதுவதை நிறுத்திவிடப் போகிறாள். விடக்கூடாது.

என் கூட்டாளி பவுனிடம் போனேன். நானும் அவளும் நாற்பது வருஷம் ஒரே அளத்தில் உப்பு வாரியவர்கள். அவளுக்குக் கைநாட்டு. ஆனால் யோசனை என்று வந்தால் கலெக்டருக்கே சொல்லிக் கொடுப்பாள்.

"ஏண்டி சரோசா, வெள்ளிக்கிழம வாசல்ல உப்பு வந்தா எவளாச்சும் வேணாம்னு சொல்லுவாளா?"

"சொல்லமாட்டா. லட்சுமியத் திருப்பி அனுப்பினாப்புல ஆயிடும்."

"அப்ப உப்போட சேத்துக் குடுடி. புக்கு வாங்கினா உப்பு இனாம். எவ வேணாங்கிறான்னு பாக்கறேன்."

நான் அவளைக் கட்டிக்கொள்ளாத குறை. பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பையாகத் தைத்தோம். (பிளாஸ்டிக் கவரில் போட்டால் உப்பு வேர்க்கும் என்று எங்களுக்குத் தெரியுமாம். அவ்வளவு விவரம்.) போன வருஷத்து உப்பு காய்ந்து சலசல என்று அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. அதைப் போட்டிருக்கலாம். நான் விடவில்லை. என் மகள் புத்தகத்தோடு போவது பழைய உப்பாகவா இருக்கும்? அந்த வாரம்தான் வாரிய புது உப்பு, கல்லு கல்லாக, கண்ணாடி மாதிரி மின்னுவது, அதைத்தான் எடுத்தேன். புது உப்பு ஒரு மாதத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

பெரிய மஞ்சள் பையில் இரண்டையும் எப்படி வைப்பது என்று அடுத்த பிரச்சினை வந்தது.

"லட்சுமிய அடியில வெச்சா வீட்ல தங்கமாட்டாடி. உப்பு மேலதான் இருக்கணும்" என்றாள் பவுனு.

"அட்டையில பொம்பள இருக்கறாளே, அவ மூஞ்சி மேலயா உப்பத் தூக்கி வெக்கறது?"

"அப்ப புக்கைக் குப்புறப் போடு."

குப்புறப் போட்டோம். அத்தனை பையிலும், கவனமாக, வரிசையாக, நாவலின் முதுகின் மேல் ஈர உப்பை ஏற்றி உட்கார வைத்தோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையில் இவ்வளவு நேர்த்தி வேறு எதிலும் வந்ததில்லை.

வெள்ளிதோறும் சேகர் ஆட்டோவில் கிளம்பினோம். மரக்காணத்தில் தொடங்கி, கீழ்புத்துப்பட்டு, பெரிய முதலியார்சாவடி வரைக்கும். உப்பை யாரும் கைக்குக் கை வாங்கமாட்டார்களே, பையை வாசற்படியில் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மேரி டீச்சர் ஒருத்தர்தான் கேட்டார். ரிட்டயர்டு ஆனவர், மாதா கோயில் தெரு.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் கிடையாதே சரோஜாம்மா?"

"உப்பு எல்லா கெழமையும் கரிக்குங்க டீச்சர்" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மீனவர் குப்பத்தில் கருவாடு போடுகிற இந்திரா மட்டும், "யக்கா, எனக்கு ரெண்டு மூட்ட உப்பு வேணும். புக்கு ஒண்ணு போதுமா, ரெண்டா எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

கட்டிலுக்கு அடியில் தரை தெரிய ஆரம்பித்தது. வனிதா குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவா வாங்கறாங்கம்மா?" என்றாள். உப்பு விஷயத்தை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பத்து நாள் கழித்து மேரி டீச்சர் போன் செய்தார்.

"சரோஜாம்மா, உங்க உப்பு என்னங்க இப்படி? புஸ்தகத்துல கடைசி நாலஞ்சு பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அப்பளமா ஆயிடுச்சு. பிரிச்சா கிழியுது. அந்த டிரைவர் கூப்பிட்டதும் அஞ்சலை லாரி படியில ஒரு கால வெச்சுட்டு நிக்கறா. அதோட நிக்குது. அவ ஏறினாளா இல்லையா? எனக்கு ரெண்டு நாளா ஜெபத்துல மனசே நிக்கலை."

லாரி என்றதும் எனக்குள் என்னமோ ஒன்று இடறியது. உப்பளத்துக் கதையில் லாரி வராமல் விமானமா வரும் என்று விட்டுவிட்டேன். 'படிக்கலைங்க டீச்சர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று நாள் சோறு இறங்காதவள் அதை எப்படிச் சொல்வது? டீச்சருக்குக் கல்யாணம் என்றால் பிடிக்கும். தெருவில் பாதிப் பேருக்கு வரன் பார்த்தவர்.

"ஏறிட்டாங்க டீச்சர். நல்லபடியா கல்யாணமும் ஆயிடுச்சு."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் குப்பத்துக்குப் போனேன். அங்கே நான் பார்த்ததை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. பத்துப் பெண்கள் மீனைக் கீறிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்திராவின் மகள் நடுவில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. குப்பத்துப் பெண்கள் பத்துப் பேர் ஒன்றாக வாயை மூடிக்கொண்டு இருந்ததை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். ஒரு கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். இல்லாத ஒருத்திக்காக, வெறும் மையால் ஆனவளுக்காக அழுகிறார்கள். நான் கூடையோடு நின்றேன்.

இந்திரா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் புருஷன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவன்.

"யக்கா, அவ ஏறலன்னு சொல்லு. அந்த டிரைவரை நம்பி ஏறலதானே?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது? "ஏறுவாளா? செருப்பக் கழட்டி நாலு சாத்து சாத்தி அனுப்பிட்டா."

குப்பமே கை தட்டியது.

மூன்றாவது, பெரிய முதலியார்சாவடி கோவிந்தசாமி. பழைய தலையாரி. எதற்கும் லேசில் திருப்திப்படாதவர். "ஏறினா, எறங்கினாங்கிறது எல்லாக் கதையிலயும் வர்றதுதாம்மா. இதுல என்னா புதுசு?" என்று மடக்கினார். என் மகள் கதையில் புதுசு இல்லையா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவளா ஏறினா? டிரைவரைக் கீழ தள்ளிட்டு லாரிய அவளே ஓட்டிக்கினு போயிட்டாங்க!"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது புதுசுதான்" என்றார்.

இதற்குள் வனிதாவுக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுப் பேசலாம் என்றாள். பத்துப் பேர் வருவார்கள் என்று கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன மண்டபத்தில் முப்பது நாற்காலி போட்டாள். வந்தது அறுபது பேர். சேகர் ஆட்டோ ஐந்து நடை அடித்தது. சுவரோரம் நின்றார்கள், படியில் உட்கார்ந்தார்கள். எல்லார் கையிலும் புத்தகம், எல்லாப் புத்தகமும் கடைசியில் தடித்து வீங்கி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி. வனிதா மைக்கைப் பிடித்தபடி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். நான் முதல் வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ராஜ்ஜியத்தைப் பிடித்துக் கொடுத்தவள் மாதிரி.

மேரி டீச்சர்தான் எழுந்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கே வனிதா. அந்தக் கல்யாணத்தைத்தான் படிக்கக் கொடுத்து வைக்கலை."

"எந்தக் கல்யாணம் டீச்சர்?" என்றாள் வனிதா.

"இன்னா டீச்சர் சொல்ற நீ?" இந்திரா குரல் பின்னால் இருந்து வந்தது. "செருப்படி வாங்கினவனுக்கு எவ கழுத்த நீட்டுவா?"

"உக்காரும்மா," என்றார் கோவிந்தசாமி. "வண்டிய எடுத்துக்கினு போனவ எங்கேர்ந்து கல்யாணம் கட்டுவா? கேஸ் ஆவும் அது."

அதற்கப்புறம் மண்டபம் மீன் ஏலம் மாதிரி ஆனது. குப்பம் ஒரு பக்கம், மாதா கோயில் தெரு ஒரு பக்கம். என் பக்கத்தில் பவுனு என் தொடையைக் கிள்ளினாள். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வனிதா மைக்கில் இரண்டு தடவை தட்டினாள். "ஒரு நிமிஷம் இருங்க. கதை அவ கால் வெச்சதோடயே முடிஞ்சிடுச்சுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணுமே எழுதல. ஒட்டிக்கினது கதை இல்ல, நன்றி சொல்ற பக்கம். ஆமா, ஏன் எல்லாப் புக்கும் ஒட்டிக்கிச்சு?"

மேரி டீச்சர் மெதுவாகத் திரும்பினார். "அப்போ சரோஜாம்மா சொன்னது?"

அறுபது தலையும் என் பக்கம் திரும்பின. அந்த நேரத்தில் மாமியாரைக் காப்பாற்ற நினைத்தாரே, அவர்தான் சேகர். "அத்தே, இருங்க, என்கிட்ட ஒட்டாத புக்கு நாலு இருக்குது!" என்று ஆட்டோவுக்கு ஓடி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டார்.

"டீச்சர், வேணாம் டீச்சர்!" வனிதா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவரை அது நிறுத்துமா? டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படித்தார்.

"கடைசியாக என் அம்மா. அஞ்சலை அவள்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், இந்தப் பக்கம் வரைக்கும் வந்து சேரமாட்டாள் என்ற தைரியத்தில் இதை எழுதினேன். அன்றைக்கு எனக்கு ஏழு வயது. வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் ஒரு கால் லாரிப் படியில் இருந்தது. பிறகு இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாய் என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை."

ஒரு கணம் பட்டுப் புடவையோடு தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. நான் ஊரெல்லாம் சுமந்து விற்றது என் கதையை. மூன்று இடத்தில் மூன்று விதமாக நானே என்னைக் கட்டிக் கொடுத்தும், செருப்பைக் கழற்ற வைத்தும், லாரி ஓட்ட விட்டும் இருக்கிறேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் தோன்றியது. ஏழு வயதில் பார்த்த ஒரு காலை, ஒரு படியை, இத்தனை வருஷம் ஒருத்தி சிந்தாமல் சிதறாமல் சுமந்திருக்கிறாள். நான் தலையில் சுமந்ததெல்லாம் ஒரு சுமையா?

"எறங்கினதை நான் பாத்தேம்மா," என்றாள் வனிதா. மைக் இல்லை, இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஏன்னு தெரியல. தெரியாதத எப்படி எழுதறது?"

நான் எழுந்து நின்றேன். புடவையைச் சரி செய்துகொண்டேன். அவசரப்படவில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் இந்தப் புக்கைப் படிக்கல. சோறும் நல்லாத்தான் எறங்கிச்சு" என்றேன். "என் வூட்டுக்காரரு அப்ப மெட்ராசுக்குக் கொத்து வேலைக்குப் போயி ரெண்டு வருஷமா ஒரு தகவலும் இல்ல." (பிறகு வந்தார். என் கையால் இருபது வருஷம் சாப்பிட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி இங்கே பேச்சில்லை.) "வேதாரண்யம் பக்கம் அளத்துல வேல இருக்குது, வந்துடு சரோசான்னு அந்த டிரைவரு கூப்பிட்டாரு. கால வெச்சது நெசம். மேல நிமிந்தேன். கெழக்கால வானம் கறுத்துக்கினு வருது. அன்னிக்கு வாரின உப்பு பூரா அம்பாரத்துல தெறந்து கெடக்குது. தென்னங்கீத்துப் போட்டு மூடல. எறங்கி ஓடினேன். மூடிட்டுத் திரும்பிப் பாத்தா லாரி போயிடுச்சு. அவ்வளவுதான்."

உப்பளத்துக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து, "பின்ன? மூடாம எப்படிப் போறது?" என்று நாலைந்து குரல் வந்தது.

வனிதா என்னையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. "அப்ப எனக்காக இல்லையாம்மா? உப்புக்காகவா எறங்கின?"

"உனக்காக ஏண்டி எறங்கணும்? உன்னத் தூக்கி லாரியில போட்டுக்கினு போயிருப்பேன். உப்பு அம்பாரத்தத் தூக்கிப் போட முடியுமா?"

மண்டபம் அதிர்ந்தது. இந்திரா விசிலடித்தாள். கோவிந்தசாமி எழுந்து நின்று, "இதுதாம்மா புதுசு!" என்றார். வனிதா ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரி சேகரின் பெட்ரோல் கணக்குக்கு வேறு நோட்டு வந்தது. வனிதா இப்போது இரண்டாவது நாவலில் பாதிக்கு வந்துவிட்டாள். விற்பனைக்கு நான் வரலாமாம், உப்பு வரக்கூடாதாம். 'ஆறாவது பாத்தி' மறுபடி அச்சானபோது, லாரிப் படியில் கால் வைத்த வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள்: "கிழக்கே வானம் கறுத்தது." இந்த மழைக்காலத்தில் நானே எழுத்துக் கூட்டிக்கொண்டு அந்த வரி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். (மேரி டீச்சர் மட்டும் புது அச்சு வேண்டாம் என்கிறார். அவர் புத்தகத்தில் அஞ்சலைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அது அப்படியே ஒட்டியிருக்கட்டுமாம்.)

எங்கள் வீட்டில் இது இன்னும் ஓயவில்லை. நான் வெளியே கிளம்பி, ஆட்டோவில் ஒரு காலைத் தூக்கி வைத்தால் போதும், சேகர் திரும்பிப் பார்ப்பார். "இன்னா அத்தே, ஏறீங்களா, இல்லையா? வானத்த நல்லாப் பாத்துக்குங்க."

பேச்சைப் பார் என்று அதட்டுவேன். அதட்டிவிட்டு, கிழக்கே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.